மாமா ரதி வேஷம் கட்டிய வருடம்

இலங்கையில் பதுளைக்கு ரயில் இன்னும் வந்து சேராத காலம். அப்புத்தளைக்குக் கீழே, பெரகலைக்கு இறங்கும் பாதையைப் பார்த்தபடி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் இருந்தது. பார்த்தபடி என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, பாதி நாள் எதிர் லயத்துக் கதவே எங்களுக்குத் தெரியாது. மேகம் வாசல் வழியாக உள்ளே வந்து, அடுப்பைச் சுற்றிவிட்டு, கேட்பாரில்லாமல் வெளியே போகும்.

அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை. கங்காணி நடப்பது, துரையின் குதிரை இருமுவது எல்லாம் செய்து காட்டுவார். "இவன் கூட வந்தா மலை ஏறுற களைப்பே தெரியாது" என்பார்கள்.

வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வாசற்படியில் உட்கார்ந்து மேகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கையில் கொடுத்த தேத்தண்ணி அப்படியே ஆறிப் போயிருக்கும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அவர் மேகத்துக்குள் எதையோ கண்டுவிட்டு எனக்குச் சொல்லாமல் ஒளிக்கிறார் என்று பொறாமையாக இருக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரையும் கூப்பிடத் தப்பு அடித்த பிறகும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

"உனக்கு என்னடா குறை?" என்று அம்மா கேட்பாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அது உண்மைதான். குறை என்று காட்ட அவரிடம் ஒன்றுமே இல்லை. எழுந்து வாசலைத் தாண்டியதும் யாரையோ கேலி செய்யும் அவர் குரல் கேட்கும். அம்மாவுக்கு அது போதும்.

மாசி மாதம் காமன் கூத்து வந்தது. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிப்பார். அவன் மனைவி ரதி புலம்புவாள். எல்லா வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். வழக்கமாக ரதி கட்டுபவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அந்த வருடம் மாமாவைப் பிடித்தார்கள். கோமாளி சேலை கட்டினால் எப்படியிருக்கும் என்று பார்க்கவே பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அம்மா தன் கூறைச் சேலையைக் கொடுத்தாள், கிழித்துவிடாதே என்ற எச்சரிக்கையோடு.

விடியும் நேரத்தில் காமன் எரிந்தான். மானாப்புல் புகையும் மேகமும் கலந்து, கூட்டமே தரையில் கால் படாமல் மிதப்பது போலத் தோன்றியது. அதற்குள்ளிருந்து ரதி வந்தாள். முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. தப்பு நின்றால் புலம்பல் முடிந்தது, ரதி எழுந்துவிட வேண்டும். தப்பு அடிக்கும்வரை அழலாம். பாட்டு முடிந்த பிறகும் மாமா அழுதார். சொல்லே இல்லாமல், மண்ணில் முகத்தை வைத்து, தோள் குலுங்க அழுதார். இந்த இடத்தில் தப்புக்காரர் கையை நிறுத்தியிருக்க வேண்டும். பெரட்டுக்குத் தப்படிப்பவரும் அவர்தான். எந்தக் கதவு தினமும் கடைசியாகத் திறக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அன்று அவர் நிறுத்தவில்லை.

"போதும்யா, நேரமாச்சு" என்றார் கங்காணி.

தப்புக்காரர் காதில் விழாதவர் போலக் குனிந்துகொண்டு அடித்தார். வேகமாக இல்லை, குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது போல. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கூத்து முடிந்தால்தான் சுண்டல் கொடுப்பார்கள்.

மேகத்துக்குப் பின்னால் சூரியன் வெள்ளையாகத் தெரிந்தபோது மாமாவின் தோள் அடங்கியது. பிறகுதான் தப்பு நின்றது.

எல்லோரும் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னா நடிப்புடா. நெசமா அழுத மாதிரியே இருந்துச்சு. இனி வருசா வருசம் நீதான் ரதி" என்றார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

தப்புக்காரர் பாராட்டவில்லை. கூட்டம் சுண்டலுக்குக் கலைந்ததும், தப்பின் தோலைக் காய்ச்சும் நெருப்பருகே மாமாவை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார். நான் மாமாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரொம்ப நாளா இருக்கா தம்பி?"

மாமா நெருப்பையே பார்த்தார். "ஆமாங்க."

"எனக்கும் இருந்துச்சு. தோலு இன்னும் சூடாத்தான் இருக்கு. வேணும்னா சொல்லு, அடிக்கிறேன்."

ஆட்டம் முடிந்த பிறகு எதற்கு அடிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவின் முகத்தில் அரிதாரம் கரைந்து கோடு கோடாக வழிந்திருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதை மாமா பார்த்துவிட்டார். உடனே கன்னத்தை உப்பவைத்து, கண்ணை மாறுகண்ணாக்கி, கோழி மாதிரி கொக்கரித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தப்புக்காரர் சிரிக்கவில்லை, மாமாவின் முதுகில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. ரதி போய் எங்கள் மாமா திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. அவர் வேஷம் போட்டதே அந்த நொடியில்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு வயது போதவில்லை.