சூலியா தெருவில் நின்றுபோன லோரி

என் லோரிக்கு வயது முப்பதுக்கு மேல். எனக்கு ஐம்பத்தாறு. எங்கள் இருவரில் யாருக்கு முதலில் மூச்சு நிற்கும் என்று என் மனைவி அவ்வப்போது கேட்பாள். பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜார்ஜ் டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்கு வெங்காய மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். லோரியின் டிரைவர் பக்கக் கதவை நைலான் கயிறுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும், அழுத்தினால் அடிக்காது. ஸ்டார்ட்டரை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினால்தான் இன்ஜின் கண் விழிக்கும். இந்த வண்டியைத் தொடச் சம்மதிக்கும் ஒரே மனிதர் கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் சீன முதலாளி; எல்லோரும் தவுக்கே என்பார்கள். பாலத்தைத் தாண்டி அவரிடம் போய்ச் சேர வண்டி நல்ல உடம்போடு இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்தாலோ, "ஓடித்தானே வந்துச்சு, பின்ன என்னலா ரிப்பேர்?" என்று கேட்பார்.

லாபமும் இருக்கிறது. நெரிசலில் புதுக் கார்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிடும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தாலும் பயமில்லை, திருட வருகிறவனுக்கு எங்கே தட்டுவது என்று தெரியாது. இந்த நியாயமெல்லாம் என் மனைவியிடம் செல்லாது. அவள் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. எதற்கும் ஒரு முடிவு கட்டாமல் விடமாட்டாள்.

போன வருடம் ஒரு நாள் பாலத்தின் நடுவில் வண்டி நின்று, மழையில் ஊறி, நான் காய்ச்சலோடு வீடு வந்து சேர்ந்தேன். அவள் என்னைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இன்னொரு தடவ இது ரோட்டுல நின்னுச்சுன்னா பழைய இரும்புக்குப் போட்டுடணும். சொல்லுங்க."

சொன்னேன். எனக்கு அந்த லோரியைப் பிடிக்கும். ஏன் என்று யாராவது கேட்டால் கோபம்தான் வரும். ஆனால் காய்ச்சலில் இருக்கிறவன் எப்படி வாதாடுவான்?

சரியாக மூன்றாவது வாரம், சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு, சூலியா தெருவின் நட்டநடுவில் லோரி நின்றது. தட்டினேன். கெஞ்சினேன். தவுக்கேவுக்குப் போன் போட்டேன், "தள்ளுலா" என்றார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. நாலாபக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். உதவத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவர்கூட வண்டியின் பின்பக்கம் போகவில்லை. எல்லோரும் முன்னால் போய் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார்கள்.

எங்கள் ஊர் அப்படி. ஒரு வண்டி மோதினாலோ நின்றாலோ அதன் எண்ணில் அதிர்ஷ்டம் இருக்கிறது என்று நம்புவார்கள். அந்த நான்கு இலக்கத்தை உடனே லாட்டரி நம்பர் கடையில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். காசு மாற்றும் கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணியும் விஷயம் புரியாமலே படம் எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க நம்பர் எடுக்கலியா?" என்று நாசி கண்டார் சோற்றுக் கடை முதலாளி கேட்டார்.

"என் வண்டி படுத்துக் கெடக்குது. அத வச்சு நான் நம்பர் எடுக்கவா? வெக்கமா இல்ல?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்கலா" என்று எல்லோரையும் கும்பிட்டேன். சத்தியம் செய்துவிட்டுத் தள்ளினார்கள். பத்தே நிமிடத்தில் லோரி கிளம்பிவிட்டது.

"இன்னைக்கு எப்படி ஓடுச்சு?" என்றாள் மனைவி, அன்று இரவு வீட்டில்.

"பூ மாதிரி."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் குலுக்கலில் என் லோரியின் எண்ணுக்கு முதல் பரிசு. சூலியா தெருவே குதித்தது. நான் மட்டும், இது வீட்டுக்கு எட்டக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மாலை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். காசு மாற்றுகிறவர் ஆப்பிள் பெட்டியோடு வந்தார். நாசி கண்டார் முதலாளி ஒரு சட்டி நிறையக் கோழிக்கறியோடு வந்தார். போனில் விஷயம் தெரிந்த தவுக்கேவும் எண்ணைக் கட்டியிருக்கிறார். புத்தம்புது ஸ்டார்ட்டரைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்து, "இது சும்மாலா" என்றார்.

"அக்கா, உங்க லோரி சனிக்கிழம நடு ரோட்டுல நின்னுச்சு பாருங்க, அது லோரி இல்ல, தெய்வம்!" என்று சத்தியம் செய்த வாய்களே போட்டி போட்டுக்கொண்டு சொல்லின. மனைவி சிரித்த முகத்தோடு நாற்காலி போட்டாள், தேநீர் கொடுத்தாள். ஒவ்வொரு கோப்பையை நீட்டும்போதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கடைசி ஆளும் போனதும் கேட்டைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அடி வாங்குவதற்கு முன் நானே முந்திக்கொண்டேன்.

"சொன்னது சொன்னதுதான். நாளைக்கே இரும்புக்கடைக்காரனக் கூப்புடுறேன்."

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"சனிக்கிழம பன்னெண்டரைக்கு நின்னுருக்கு. ஞாயித்துக்கிழம சாயங்காலந்தான் குலுக்கல். நம்பர் கட்ட ஒரு நாளுக்கு மேல டைம் இருந்துருக்கு. தெருவுக்கே தெரியுது, மாக் மண்டின் வரைக்கும் தெரியுது. கட்டிக்கிட்டவளுக்கு மட்டும் தெரியல."

அவள் எழுந்து, தவுக்கே கொடுத்த ஸ்டார்ட்டரை நனையாத இடமாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

"அடுத்த தடவ நின்னுச்சுன்னா, மொதல்ல எனக்குப் போன் பண்ணுங்க."