ஹெப்சிபா திருப்பித் தராத மூன்றாம் பாகம்

இங்கிலாந்தில் கம்பளி ஆலைகள் நிறைந்த ஆல்டர்பி ஊரில், தம்பியின் மருந்துக்கடைக்குப் பின்கட்டில் இருந்துகொண்டு ஒன்பது நாவல் எழுதியவள் ஹெப்சிபா ஓல்ட்ராய்ட். கல்யாணம் ஆகாதவள். காலையில் ரொட்டி சுடுவாள், மத்தியானம் தம்பிக்கு மாத்திரை உருட்டித் தருவாள், நடுவே கிடைத்த நேரத்தில் எழுதுவாள். அட்டையில் எட்வின் கார்த் என்று ஓர் ஆம்பிளைப் பெயர் இருக்கும். தம்பியைத் தவிர ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் விஷயம் தெரியாது.

நான்காவது நாவலில்தான் வம்பு வந்தது. அதன் நாயகி டாமரிஸ் தொப்பி தைப்பவள். ஆலை மேனேஜரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சொந்தமாகக் கடை போடுகிறாள். கல்யாணத்தில் முடியாத கதையை எவன் வாங்குவான் என்று லண்டன் பதிப்பாளர் கடிதம் போட்டார். ஹெப்சிபா பணிந்துபோனாள். கடைசி அத்தியாயத்தை மாற்றி, டாமரிஸை அந்த மேனேஜருக்கே கட்டிக்கொடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

புத்தகம் மூன்று பாகமாக ஊர் நூலகத்துக்கு வந்தது. ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஒரு பாகம்தான். ஹெப்சிபா முதல் ஆளாகப் போய் மூன்றாம் பாகத்தை எடுத்துவந்தாள். எடுத்தவள் திருப்பவே இல்லை. தான் மாற்றி எழுதிய முடிவை யாரும் படித்துவிடக் கூடாது என்ற வெட்கம்தான்.

நாலு மாதம் பொறுத்த நூலகக்காரி மார்த்தா பிக்கின் நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"இருபது பேரு காத்துக்கெடக்காங்க மிஸ். ஆலைப் பொண்ணுங்க என்னை வழியில மடக்கி, டாமரிஸுக்கு என்ன ஆச்சுன்னு உயிரை வாங்குறாளுங்க."

அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஹெப்சிபா மெல்லக் கேட்டாள்.

"அந்தாளை அவ கட்டிக்கவே மாட்டாளாம். கட்டிக்கிட்டான்னா புத்தகத்தை ஆத்துல வீசிருவேங்கிறா ஒருத்தி."

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"கட்டிக்கிறா மார்த்தா. நான்தான் கட்டி வெச்சேன்."

மார்த்தாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கட்டி வெச்சது நீங்கன்னா, அவுத்து விடுறதும் நீங்கதானே?"

அன்றே ஹெப்சிபா மருந்துக்கடைக் கத்தரியால் கடைசி அத்தியாயத்தை வெட்டி எடுத்தாள். பழைய முடிவைப் பதினோரு தாளில் தன் கையாலேயே எழுதி, மாவுப் பசையால் ஒட்டினாள். கடைசித் தாளில் பெயர் போடும் இடத்தில்தான் பேனா நின்றது. பெண் ஒருத்தி, அதுவும் மருந்துக்காரர் அக்காள், கதை எழுதுகிறாள் என்று தெரிந்தால் தேவாலயத்தில் வாய் சும்மா இருக்காது. கடைக்கு ஆள் வருவதும் நின்றுபோகலாம். ஆனால் பெயர் போடாவிட்டால் யாரோ கிறுக்கியது என்று கிழித்தெறிவார்கள். தம்பியிடம் கேட்டாள். எழுத்து தெளிவாக இருக்கட்டும் என்றான், அவ்வளவுதான். ஹெப்சிபா ஓல்ட்ராய்ட் என்று முழுசாகப் போட்டு, புத்தகத்தை மார்த்தாவிடம் திருப்பித் தந்தாள்.

தேவாலயத்தில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டது உண்மைதான். அடுத்த வாரம் ஆலைப் பெண் ஒருத்தி இருமல் மிட்டாய் வாங்க வந்தாள். மிட்டாயை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"மிஸ், டாமரிஸ் கடை இப்ப எப்படிப் போகுது?"

ஹெப்சிபா அதை யோசித்தே பார்த்ததில்லை.

"நல்லாப் போகுது," என்றாள். "உள்ள வா, சொல்றேன்."