ஒருவரும் முந்தவில்லை

எங்கள் அப்பாவை எந்த வண்டியும் முந்தக் கூடாது. எழுபதுகளில் செங்கல்பட்டுக்கும் எங்கள் ஊரான மகாபலிபுரத்துக்கும் இடையே ஓடிய தனியார் பஸ் ஒன்றுக்கு அவர் டிரைவர். தனக்குப் பின்னால் புறப்பட்ட பஸ் ஏதாவது தன்னைத் தாண்டிப் போய்விட்டால் அன்று வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அம்மாவே ஜாடையில்தான் பேசுவாள். அவர் யாரையாவது முந்திவிட்டு வந்த நாளில் எனக்கு வேர்க்கடலைப் பொட்டலம் கிடைக்கும். ஆகவே விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் முந்துகிற கட்சி.

சித்தப்பா எந்தக் கட்சியிலும் சேராதவர். அப்பாவை விடப் பதின்மூன்று வயது இளையவர். தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, அவரை வளர்த்தது அப்பாதான். மெட்ராஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பியபோது, துருப்பிடித்த இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் அது ரேஸ் ஓடிய வண்டி என்றார். மாடுகளைத் தவிர யாரும் அதை மறுக்காமல் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று வருஷம் கொல்லையில் அதைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். சாப்பிடக் கூப்பிட்டால் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு வந்து உட்காருவார். ஒரு நாள் காலையில் அது பெரிய வெடிச் சத்தத்தோடு கிளம்பியபோது தெருவே ஓடி வந்தது. அன்று சித்தப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அத்தனை சந்தோஷமாக ஒரு மனிதனை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. தினமும் ரோட்டில் என்னென்னவோ பார்க்கிறவர் அவர். அதையெல்லாம் வீட்டில் சொல்ல மாட்டார், கோபத்தை மட்டும் கொண்டுவருவார். கல்பாக்கத்தில் அப்போது அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் தம்பிக்காக வேலை சொல்லி வைத்திருந்தார். சித்தப்பாவோ பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ் கிளப்காரர்கள் சிலர், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் கல்குவாரி மலை ஒன்றில், லாரி ஏறுகிற ரோட்டில், பழைய ரேஸ் மோட்டார் சைக்கிள்களுக்கு மலையேற்றப் பந்தயம் வைப்பதாகச் செய்தி வந்தது. சித்தப்பா பெயர் கொடுத்துவிட்டார்.

அப்பா கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் கத்தவில்லை.

“ஒரே ஒரு வண்டி உன்ன முந்திட்டுப் போச்சின்னா, மறுநாளே இத வித்துட்டு கல்பாக்கம் போவணும். இன்னா சொல்ற?”

“சரிண்ணா.”

அவ்வளவு சுருக்காக வந்த பதிலே அப்பாவை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் பந்தயம் என்றால் முந்துவது என்பதைத் தாண்டி அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. சாட்சிக்கு என்னை நியமித்தார். “பாப்பாவ இட்டுகினு போ. அவளுக்குப் பொய் வராது” என்றார். உண்மைதான். பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் டாங்கின் மேல் என்னை உட்காரவைத்துச் சித்தப்பா கூட்டிப் போனார். மலையடிவாரத்தில் ஷாமியானா, காகிதத் தோரணம், சோடா வண்டி, சுற்றுவட்டார ஜனம் முழுக்கப் பாறைகளின் மேல். அந்த வெயிலிலும் தோல் சட்டை போட்ட மெட்ராஸ்காரர்கள். அவர்களுடைய வண்டிகளின் புகையில் விளக்கெண்ணெய் வாடை அடித்தது. ரேஸ் இன்ஜினுக்கு அதைத்தான் ஊற்றுவார்களாம். மாதம் ஒரு முறை மூக்கைப் பிடித்து எனக்குப் புகட்டுகிற அதே விளக்கெண்ணெய்! அதைக் குடித்துவிட்டு இந்த வண்டிகள் ஏன் இப்படிப் பறக்கின்றன என்பது எனக்கு மட்டும் புரிந்தது.

மலை உச்சியில், தொப்பி வைத்த ஒரு பெரியவர் கையில் ஓட்ட நேரம் குறிக்கிற கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா என்னை அவர் பக்கத்தில் விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

வண்டிகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. ஒன்று உச்சிக்கு வந்து நின்று, கீழே கொடி ஆட்டிய பிறகுதான் அடுத்தது கிளம்பியது. பஸ் டிரைவர் மகளுக்கு இதில் குழப்பம் ஏது? பஸ்ஸும் அப்படித்தானே ஸ்டாண்டை விட்டுக் கிளம்புகிறது. முன்னால் போனது முன் டைம் வண்டி, அது கணக்கில் வராது. பின்னால் வருகிறவன் தாண்டினால்தான் மானம் போகும். சித்தப்பா ஏழாவது. மொத்தம் பதினாலு வண்டி. ஆக, பின்னால் ஏழு பேரைக் கவனித்தால் போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

சித்தப்பாவின் வண்டிச் சத்தம் கிளம்பியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. மூன்றாவதில் ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றுபோனது. மலையே அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வளைவில் சித்தப்பாவின் தலை தெரிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரவல் வாங்கிப் போட்டிருந்த பூட்ஸில் ஒன்று வாயைப் பிளந்துகொள்ள, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜல்லிச் சில்லு கிடந்த ரோட்டில் ஒரு வெறுங்காலோடு தள்ளினார். ஓரமாக நிறுத்திவிட்டு வரச் சொல்லி யாரோ கை காட்டினார்கள். அவர் கேட்கவில்லை. பாறைகளின் மேலிருந்த ஜனம் விசிலடித்தது. நான் சித்தப்பாவைப் பார்க்கவேயில்லை. அவருக்குப் பின்னால் கிடந்த ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை!

அவர் உச்சிக்கு வந்து சேர்ந்ததும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று தொப்பிக்காரரைக் கேட்டேன். “எங்க சித்தப்பாவ யாராச்சும் முந்துனாங்களா?”

அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வெகுநேரம் சிரித்தார். “இல்லம்மா. ஒருத்தர்கூட முந்தல.”

கோப்பை வேறு யாருக்கோ போனது. மெட்ராஸ்காரர்கள் தங்களுக்குள்ளேயே கொடுத்துக்கொள்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

வண்டியை எப்படியோ கிளப்பி, மூன்று மணிவாக்கில் திருக்கழுக்குன்றம் வந்தோம். பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. வழி முழுக்கச் சித்தப்பா என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை, எதையும் கூட்டிச் சொல்லவும் சொல்லவில்லை. நான் குதித்து ஓடி டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தினேன்.

“ஒருத்தரும் முந்தலப்பா! பாதி மலையில வண்டி நின்னுபோச்சி. சித்தப்பா தள்ளிகினே வந்தாரு. அப்பவும் ஒருத்தராலயும் முந்த முடியல!”

தள்ளிய கதையை நான் விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அதுதான் இருப்பதிலேயே பெருமையான பகுதி.

அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி என் காதைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். சித்தப்பா தலை நிமிரவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை விசில் கொடுத்தும் பஸ் நகரவில்லை.

“கால்ல இன்னாடா?”

“ஒண்ணும் இல்லண்ணா.”

ரத்தம் காய்ந்து புழுதியோடு ஒட்டிக் கிடந்தது. அப்பா கழுத்திலிருந்த துண்டை உருவி ஜன்னல் வழியாகப் போட்டார். “கட்டிகினு வூட்டுக்குப் போ. மெதுவா போ.”

“அப்ப வண்டிய விக்க வாணாமாப்பா?” என்றேன் நான், விஷயத்தை முடித்துக்கொள்ளும் அவசரத்தில்.

“அதான் ஒருத்தனும் முந்தலியே. இருக்கட்டும்.”

நாங்கள் முன்னால் கிளம்பினோம். வண்டி இருமிக்கொண்டும் நின்றுகொண்டும் போனது. சித்தப்பாவின் கைக்கு அடியில் தலையை விட்டுத் திரும்பிப் பார்த்தேன். தாண்டிப் போக ரோடு காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் அப்பாவின் பஸ் எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. பயணிகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எதையோ கத்தினார்கள். பாதி வழியில் வேறொரு கம்பெனி பஸ், நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு, அப்பாவையும் எங்களையும் ஒரே மூச்சில் தாண்டிக்கொண்டு போனது. அப்பா அசையவில்லை. அதே வேகத்தில், மகாபலிபுரம் வரைக்கும், எங்கள் பின்னாலேயே வந்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், அப்பாவின் பஸ்ஸில் ஏதோ பெரிய கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.