ஒரு அங்குலத்துக்கு ஐந்து மரை

நான் செய்த பிழையை ஒரு லேத்துக்காரர் தலையில் கட்டினேன். பிழை என்னுடையதுதான் என்று தெரிந்த பிறகும் இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

சேலையின் கரையில் டிசைன் விழுவதற்குத் தறியின் ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகளை மாட்டுவார்கள். அந்தத் துளைகளைக் கையால் அடிக்காமல், பழைய கம்ப்யூட்டர் ஒன்று சொல்லச் சொல்ல அடிக்கும் இயந்திரத்தைச் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கட்டிக்கொண்டிருந்தேன். மோட்டார்கள் கழித்துப்போட்ட பிரிண்டர்களிலிருந்து வந்தன. அடிக்கும் தலையை அட்டையின் நீளத்துக்கு எதைக் கொண்டு நகர்த்துவது என்பதிலேயே நான்கு மாதம் போயிற்று. குண்டுகள் உருளும் நுட்பமான திருகுத் தண்டான பால் ஸ்குரூ, விலையில் எனக்கு எட்டாத பொருள். மிச்சம் இருந்தவை இரண்டு: பல் வைத்த பெல்ட், இல்லையென்றால் லேத்தில் கடைந்த திருகுத் தண்டு.

லேத்துக்காரரின் தகப்பனார் மாகறல் பக்கம் வயலில் கூலி வேலை செய்தவர். இவர் தன் முயற்சியில் லேத் வாங்கி, ஜக்கார்டு பெட்டிகளுக்கு உதிரிகள் கடைந்து பிழைத்துவந்தார்.

"பெல்ட் போட்டா போதும் சார். அட்டையில ஓட்ட போடறதுக்கு இன்னா பெரிய பாரம் வந்துடப் போவுது?"

"பெல்ட் நீளும்பா. வருஷக்கணக்கா நான் இதைத்தான் பாடம் நடத்தினேன்."

"நீங்க நடத்துனதுன்னா சரி சார்."

ஒரு சுற்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நகரும்படி தண்டில் திருகு வரி, அதாவது மரை, வேண்டும் என்று வரைந்து கொடுத்தேன். தண்டை வாங்கப் போன அன்று, "இது இஞ்ச் லேத் சார், அதனால மரைய…" என்று ஏதோ ஆரம்பித்தார். ஸ்கூட்டரில் தண்டைக் கட்டிக்கொண்டே, "சரியா இருக்குமில்ல?" என்று கேட்டேன்.

"இருக்குது சார். அந்தக் காயிதத்த மட்டும் பாத்துக்குங்க" என்று என் வரைபடத்தை மடித்துத் திருப்பித் தந்தார்.

பார்க்கவில்லை.

சிறு துண்டு அட்டையில் பத்துத் துளை அடித்துப் பார்த்தபோது எல்லாம் பொருந்தியது. முழு அட்டையில் முதல் துளை சரியாக விழுந்தது, கடைசித் துளை ஏறக்குறைய ஒரு துளை அளவு தள்ளி விழுந்தது. மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். நட்டை மாற்றினேன். புரோகிராமை மூன்று முறை அழித்து எழுதினேன், மூன்று முறையும் அதே ஐந்தைப் போட்டு. கெட்ட அட்டைகள் மூலையில் இடுப்பளவு உயர்ந்தன. "இதுக்குக் கையாலேயே அடிச்சுண்டிருக்கலாம்" என்றாள் மனைவி. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அந்த எரிச்சலில் நான் இருந்தபோதுதான், அட்டை அடித்து விற்கும் கடைக்காரர் பார்க்க வந்தார். "இன்னா சார், மெஷின் கோணலா போவுது?" என்று சிரித்தார்.

"தண்டுல மரை சீரா இல்லை. அந்த லேத்தே தேஞ்சு போச்சு. அவர்கிட்ட இவ்வளவுதான் வரும்."

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். அவர் கடைக்கு வரும் தறிக்காரர்கள் எல்லாரும் அந்த லேத்தில்தான் உதிரி கடைந்துகொண்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பலர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். லேத்துக்காரரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் யார், அவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துதான் சொன்னேன்.

வேறு தண்டுக்குப் புதிதாக வரைய உட்கார்ந்தபோது பழைய வரைபடத்தைப் பிரித்தேன். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: "1 இஞ்சுக்கு 5 மரை. மி.மீ. மரைக்கு இந்த லேத்தில் பல்சக்கரம் இல்லை. கணக்கில் 5.08 போடவும்." ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்தால் வகுத்தால் 5.08. புரோகிராமில் ஐந்து என்ற அந்த ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். அடுத்த அட்டை முதல் துளையிலிருந்து கடைசித் துளை வரை பொருந்தியது.

"வேற தண்டா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பட்டறை வழியாகப் போனேன். ஜக்கார்டு உதிரி ஒன்றுகூட இல்லை. வீட்டு கேட்டுகளுக்கான கம்பிகளுக்கு அவர் முனை கடைந்துகொண்டிருந்தார். உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். லேத்தை நிறுத்தினார்.

"என்னிக்கு சார் பாத்தீங்க அந்தக் காயிதத்த?"

"அடுத்த மாசமே."

கையைத் துணியில் வெகுநேரம் துடைத்தார்.

"வாங்க, கடைக்காரர்கிட்ட உங்க முன்னாடியே சொல்லிடறேன்."

"நான் எதுக்கு சார் வரணும்? பேசனது நீங்க."

தனியாகப் போனேன். கடைக்காரர் டீ வரவழைத்தார். "இதுக்காவ வெயில்ல வந்தீங்களா? விடுங்க சார். இப்ப செய்றவரும் நல்லாத்தான் செய்றாரு. இனிமே எதுக்கு மாத்திக்கினு?" அவர் பேச்சைக் கேட்டுப் பட்டறை மாறிய தறிக்காரர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். இருவர் மட்டும் லேத்துக்காரரிடம் திரும்பிப் போனார்கள்.

இரண்டாவது இயந்திரத்துக்குப் பெல்ட்டே போடுவது என்று முடிவு செய்து, அதற்கான சக்கரங்களை வரைந்து லேத்துக்காரரிடம் கொண்டுபோனேன். பெல்ட் என்று பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளைத் திருப்பி, அளவுகளை ஒவ்வொன்றாக எழுதி, சத்தமாகப் படித்துக்காட்டி, பேனாவை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க சார்."

"எல்லார்கிட்டயும் வாங்கறீங்களா?"

"இல்ல சார். உங்ககிட்ட மட்டுந்தான்."

போட்டுக் கொடுத்தேன்.