தாப்பாவில் தட்டின வேன்

கார் கட்டி ஓட்டுற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒண்ணுல, எஞ்சினைத் தட்ட வைக்கிறதுதான் என் வேலை. ஆடுறவங்க மட்டமான பெட்ரோலை ஊத்தி, கம்ப்ரெஷனைக் கண்டபடி ஏத்தினா, எஞ்சின் உள்ளுக்குள்ள டக் டக்னு தட்டணும், பவர் விழணும். அப்பவும் அடங்கலைன்னா பிஸ்டன்ல ஓட்டை விழணும். மெக்கானிக்குங்க இதை நாக்னு சொல்லுவாங்க. அந்தக் கணக்கை எழுதுறது நான். தேயிலைத் தோட்டத்துல, ஃபேக்டரிக்குப் பின்னால இருக்கிற லைன் வீட்டுல உக்காந்துதான் எழுதுறேன்.

"கேமரன் மலையில இருந்துகிட்டா கேம் எழுதுறீங்க?"ன்னு சிலர் கேப்பாங்க. பின்ன எங்க இருந்து எழுதணுமாம்? இன்டர்நெட் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, தலையும் கழுத்து மேலதான் இருக்கு. வேலையில நான் கெட்டிக்காரி. இதுல எனக்குக் கூச்சமே கிடையாது.

நாக் ஒண்ணும் பெரிய மந்திரம் இல்ல. பெட்ரோலும் காத்தும் கலந்து சிலிண்டருக்குள்ள நசுங்கும். ஸ்பார்க் பிளக் பத்தவச்சதும் நெருப்பு ஒரு பக்கமா ஆரம்பிச்சு வரிசையா பரவணும். ஆனா நசுக்கலும் சூடும் அதிகமானா, மூலையில மிச்சம் இருக்கிற கலவை தன் முறை வர்ற வரைக்கும் தாங்காம தானாவே வெடிச்சிடும். அதுதான் அந்த டக் டக். ஆக்டேன்ங்கிறது பெட்ரோலோட பொறுமை. தொண்ணூத்தேழு கொஞ்சம் பொறுக்கும், தொண்ணூத்தஞ்சு சீக்கிரம் வெடிக்கும். என் வீட்டுக்காரர் என்னைத் தொண்ணூத்தஞ்சுன்னுதான் கூப்பிடுவார்.

அவர் ஒரு பழைய பெட்ரோல் வேன் வச்சிருக்கார். திரிங்காப் தோட்டங்கள்ல கோஸ், தக்காளி ஏத்திக்கிட்டுக் தாப்பா வழியா கீழ ஊர் சந்தைகளுக்குப் போவார். அந்த வேனுக்கு எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கு. என் கணக்கு சரியான்னு பாக்க, அந்தச் சீட்டுக்கு அடியில மைக்கை ஒட்டினேன். ஃபேக்டரி மேட்டுல அவரை மூட்டையோட ஏறச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் டைமிங்கைக் கொஞ்சம் கொஞ்சமா முன்னால தள்ளினோம், அதாவது ஸ்பார்க் இன்னும் சீக்கிரமா அடிக்கிற மாதிரி. வேன் எந்த இடத்துல தட்ட ஆரம்பிச்சுதோ, அதே இடத்துல என் கம்ப்யூட்டர் எஞ்சினும் தட்டுச்சு. நான் துள்ளிக் குதிக்காத குறை. அன்னைக்கே கோலாலம்பூர் ஆபீசுக்கு அனுப்பிட்டேன்.

ரெண்டு வாரத்துல போன் வந்துச்சு. எங்க குழுத் தலைவர் என்னைவிடச் சின்னவர், என்னை அக்கான்னுதான் கூப்பிடுவார்.

"அக்கா, ஆடிப் பாக்கிறவங்க எல்லாம் ஒரே குறை சொல்றாங்க. நாக் வரவே மாட்டேங்குதாம். கம்ப்ரெஷனை எவ்வளவு ஏத்தினாலும் தொண்ணூத்தஞ்சே போதுமாம்."

"இங்க சரியா வருதே. வேனோட வச்சுப் பாத்துட்டேன்."

"இங்க வரல அக்கா. நீங்க கீழ வந்து எங்களோட இருந்து செய்யுங்க, இங்கேயே வேலை போட்டுத் தரேன். முடியலன்னா, வெள்ளிக்கிழமைக்கு மேல இங்க ஒருத்தர் உங்க கணக்கை எடுத்துட்டுச் சின்னதா ஒரு டேபிள் போட்டுடுவார்."

சின்னதா ஒரு டேபிளாம். ஒரு வருஷம் தூக்கத்துலயும் எஞ்சின் சத்தத்தையே கேட்டு எழுதினதை வழிச்சு எறிஞ்சிட்டு, இந்த கம்ப்ரெஷனுக்கு இந்த பெட்ரோல்னு நாலு வரி. எனக்கு உடம்பே எரிஞ்சது. ஆனா அதைவிடப் பெரிய தொல்லை இன்னொண்ணு. வேலையைக் காப்பாத்தணும்னா மலையை விட்டு இறங்கணும். மலையில இருக்கணும்னா வேலையை விடணும்.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் சோறு தின்னுக்கிட்டே, "உன் வேலை லா. நீ எப்படிச் சொல்றியோ அப்படி"ன்னார். அவ்வளவுதான். போகாதேன்னு சண்டை போட்டிருந்தாகூட நிம்மதியா இருந்திருக்கும். இந்த மனுஷனுக்கு நான் போனா என்ன, இருந்தா என்னன்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டேன்.

கணக்கைத் தலைகீழா பிரிச்சுப் பாத்தேன். தப்பே இல்ல. புதன்கிழமை காலையில ஸ்கிரீனைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. அவர் கோஸ் ஏத்திக்கிட்டுக் கிளம்பினார், நானும் வேன்ல ஏறி உக்காந்துட்டேன்.

மலையை விட்டு இறங்கினதும் தாப்பாவுல ஒரு கடையில நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கிறது அவர் வழக்கம். குடிச்சிட்டு இன்னொண்ணும் செய்வார். சீட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் நட்டை இளக்கி, அதைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் இறுக்குவார். மலைக்கு ஒரு கோடு, கீழ ரோட்டுக்கு ஒரு கோடு. ரெண்டும் என் நெயில் பாலிஷ்ல போட்டது. பாட்டில் காலியானதுக்கு நான் போட்ட சண்டைதான் எனக்கு ஞாபகம். டைமிங்தான் மாறுதுன்னு தெரியும், ஆனா அந்தத் துளியூண்டு மாத்தம், சிலர் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரி, இவரோட சாஸ்திரம்னு நெனச்சு விட்டுட்டேன்.

அன்னைக்கு நான் வழி பூரா புலம்பினதுல மனுஷன் அதை மறந்துட்டார். தண்ணி குடிச்சோம், கிளம்பினோம். வெயில் சுள்ளுனு அடிச்சது. ஒரு பாலம் ஏற அவர் எண்ணெய் பெடலை அமுக்கினார். என் சீட்டுக்கு அடியில டக் டக் டக்.

"ஐயோ, திருப்பல"ன்னு அவர் ஓரங்கட்டினார்.

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. அதே வேன். மலை மேல தானா ராத்தா டவுன்ல ஊத்தின அதே பெட்ரோல். அதே டைமிங், மலைக் கோட்டுலயே. இதைவிடப் பெரிய மூட்டையோட எங்க மேட்டுல ஏறினப்போ மூச்சு விடாம ஏறுச்சே.

"ஏங்க, இதை ஏன் திருப்புறீங்க?"

"திருப்பலன்னா கீழ தட்டும். மேல கம்போங் ராஜா ஊர் வேன்காரனுங்க எல்லாருமே திருப்புவானுங்க. ஏன்னெல்லாம் எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் கணக்குல காத்துக்கு ஒரே ஒரு அழுத்தம், ஒரே ஒரு சூடு. ரெண்டையும் என் வீட்டு வாசல்ல நின்னு அளந்து போட்டேன். காத்துன்னா எனக்கு எங்க காத்துதான், குளிரா, லேசா. உலகம் பூரா அதே காத்துன்னு எழுதி வச்சிருக்கேன். லேசான காத்து சிலிண்டருக்குள்ள குறைவாத்தான் போகும், நசுங்கினாலும் அழுத்தம் கம்மி, பெட்ரோல் பொறுத்துக்கும். கீழ காத்து கனம், சூடும் சேர்ந்துக்கும், பொறுமை போயிடும். கோலாலம்பூர் ரோட்டுல எல்லாருக்கும் நான் எங்க தோட்டத்துக் காத்தை ஊதி விட்டிருக்கேன், எங்கிருந்து தட்டும்?

ரோட்டோரத்துல நின்னு விழுந்து விழுந்து சிரிச்சேன். அவர் நட்டை இறுக்கிக்கிட்டே, பொண்டாட்டிக்குப் பித்துப் பிடிச்சிருச்சோன்னு பாத்தார்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உக்காந்தேன். ஒவ்வொரு ரோட்டுக்கும் அதோட உயரம், அந்த உயரத்துக் காத்து, அந்த நேரத்துச் சூடு. அதுக்குத் தக்கபடி டைமிங்கைத் திருப்பிக்கிற வசதியும் ஆடுறவங்களுக்குக் குடுத்தேன். கை தன்னால ஓடுச்சு. வியாழக்கிழமை அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில நான் பசியாறிட்டு இருந்தப்போ தலைவர் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க எல்லாருக்கும் பிஸ்டன் ஓட்டை. மலை ரோட்டுல பூ மாதிரி ஓடுற வண்டி கீழ வந்ததும் தட்டுது. இதை டேபிள்ல போடவே முடியாது."

"முடியாதுதான்."

"நீங்க அங்கேயே இருங்க அக்கா. எஞ்சின் பூரா இனி உங்க பொறுப்பு."

போனை வச்சிட்டு வாசலுக்கு ஓடினேன். அவர் வேனுக்குள்ள ஒட்டியிருந்த கோஸ் இலையைத் தண்ணி அடிச்சுக் கழுவிக்கிட்டிருந்தார். "நான் எங்கேயும் போகல. வேலையும் இருக்கு"ன்னேன்.

அவர் குழாயை மூடினார். கையைக் கைலியில துடைச்சிட்டு, சட்டைப் பாக்கெட்ல இருந்து போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"அண்ணே, நான்தான். வேனை இனி குடுக்கல லா. ஆமா, வீட்டுல கீழ போகல. வேற வண்டி பாத்துக்குங்க, மன்னிச்சிருங்க."

"வேனை விக்கப் பேசினீங்களா? எப்ப?"

"உனக்கு போன் வந்துச்சுல்ல, அன்னைக்கு."

"வித்துட்டுக் கீழ வந்து என்ன பண்ணியிருப்பீங்க?"

"லோரி ஓட்ட ஆள் தேடாமலா இருப்பானுங்க?"

மறுபடியும் குழாயைத் திறந்துட்டார். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிப் பேசலாம்னு நல்லா ஏசினேன். ஏசி முடிக்கிறதுக்குள்ள அழுதுட்டேன்.