மாதா படத்துக்குப் பின்னால் மாட்டிய சாவி

பதினொரு வருடம் இத்தாலியின் பலெர்மோவில் மற்றவர்களின் மாடிப்படிகளைக் கழுவினேன். குடியுரிமை கிடைத்ததும் காவலாளி வேலைக்குப் போக முடிவு செய்தேன். அதற்குத் துப்பாக்கியை நாமே வாங்க வேண்டும். வாங்குமுன் சுடுதளத்தில் பயிற்சி எடுக்க வேண்டும்.

பயிற்சி தந்தவர் பருத்த ஒரு பெண்மணி. நான் அரைகுறையாகப் படித்தவன். தாளில் இருந்ததை வாசிக்க நேரமெடுத்தது. அவர் செய்து காட்டியது உடனே பிடிபட்டது. சுடும் கணம்வரை விரல் விசையைத் தொடக்கூடாது. குழல் எப்போதும் ஆளில்லாத பக்கம் இருக்க வேண்டும். "காலி என்று நானே சொல்லிக் கொடுத்தாலும் நம்பாதே. திறந்து பார்."

கடைசி நாள் கேட்டார்: "வீட்டில் எங்கே வைப்பாய்?"

"இரும்புப் பெட்டியில்."

"சாவி?"

"பத்திரமாக."

சிரித்தார். "எல்லாரும் இதையேதான் சொல்கிறீர்கள். எண்பூட்டு வாங்கு."

எண் மறந்துவிடும் என்ற பயத்தில் சாவிப்பூட்டுப் பெட்டியையே வாங்கினேன்.

நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்களுக்கு ஒரே அறை. அலுமாரிக்குள் பெட்டியைச் சுவரோடு சேர்த்து முடுக்கி, வாங்கிய துப்பாக்கியை உள்ளே வைத்தேன். எங்கள் வீட்டுச் சாவியெல்லாம் மாதா படத்துக்குப் பின்னால்தான் தொங்கும். பெட்டியின் சின்னச் சாவியையும் அங்கேயே மாட்டினேன். யோசிக்கவே இல்லை.

இரண்டாம் வாரம் மனைவி தன் பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதி அட்டையை, தேடினாள். அலுமாரி பூட்டியிருந்தது. ஆறு வயது மகள் கதிரையில் ஏறிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள்.

"அம்மா, எது வேணும்? பெரிசோ, அப்பான்ரை சின்னனோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். "உங்களுக்குப் படிப்பிச்ச மனிசி இதைச் சொல்லித் தரேல்லையோ?"

"சொன்னவ."

"பிறகென்ன? வேறை பூட்டு வரும்மட்டும் கழுத்திலை போடுங்கோ. குளிக்கேக்கையும் கழட்டக்கூடாது."

முன்பு ஓர் ஊர் அலுத்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இப்போது ஓய்வு நாளில் துப்பாக்கி பெட்டிக்குள், நான் அறைக்குள். அதைத் தனியே விட்டுக் கடற்கரைவரை போகக்கூட மனம் வருவதில்லை. முதன்முதலாகத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் கடைக்குப் போகுமுன், வீட்டுச் சாவிகள் எங்கே இருக்கின்றன என்று தங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

எண்பூட்டுப் பெட்டியும் வந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் 'பீப்' என்று கத்துகிறது. எண்ணை அழுத்தும்போது மகளை அனுப்ப இன்னோர் அறை இல்லை. கதவைப் பார்த்து நிற்கச் சொல்கிறேன். சொன்னபடி நிற்கிறாள். நேற்று, திரும்பாமலே கேட்டாள்:

"அப்பா, நாலு தரம்தானே அமத்தினனீங்கள்?"