அடுத்த வீட்டுப் பையன்

என் அண்ணனுக்கு அந்தக் காலத்தில் ஆட்டிசம் கிடையாது. எங்கள் தெருவில் யாருக்குமே கிடையாது. அந்தச் சொல் தூத்துக்குடிக்கு வந்து சேர இன்னும் பல வருடங்கள் இருந்தன. எழுபதுகளில் அண்ணனைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததுதான் காரணம் என்பாள் அத்தை. நாக்குத் தடிப்பு என்றார்கள் பக்கத்து வீட்டில். வசம்பை உரசித் தடவச் சொன்னார்கள். படித்த டாக்டர் ஒருவர் அம்மா அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார். எந்த விளக்கமானாலும் சுற்றிச் சுற்றி அம்மாவிடம்தான் வந்து நின்றது. அப்பா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். ஹார்பரில் நாள் முழுக்கக் கத்திக் கத்தி மூட்டை ஏற்றுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார்.

அண்ணன் ஊமை இல்லை. காதில் விழுந்ததை அதே குரலில், அதே இழுவையில் திருப்பிச் சொல்வான். பக்கத்து வீட்டு ரேடியோவில் சிலோன்காரர்கள் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். நாங்கள் சாப்பிடும்போது அவன் "அன்னாரின் நல்லடக்கம்" என்று தொடங்கினால் அப்பா சோறு பிசைவதை நிறுத்திவிடுவார். பசிக்கிறது என்று சொல்ல அவனுக்கு வராது. "ராசா, பசிக்குதா?" என்று அம்மா குரலில் கேட்பான், அப்படியென்றால் அவனுக்குப் பசி. சோறும் குழம்பும் தட்டில் ஒட்டக் கூடாது. யார் முகத்தையும் பார்க்கமாட்டான். எனக்கு இதெல்லாம் விசித்திரமாகவே படவில்லை. அண்ணன் என்றாலே இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். என்னோடு படித்த பிள்ளைகளின் அண்ணன்மார் தலையில் குட்டுவார்கள் என்று கேள்விப்பட்டபோது, அந்த வீடுகளில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தேன்.

அக்காவுக்கு மணப்பாட்டிலிருந்து ஓர் இடம் வந்தது. சங்கு வியாபாரம் செய்கிற குடும்பம். அதற்கு முன் வந்தவர்களெல்லாம் அண்ணனைப் பார்த்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை அத்தை பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு மூத்தவள், அவள் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. முதல் நாள் சாயங்காலம் எல்லாரையும் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினாள்.

"பய அங்கன ரேடியோ வீட்டுல இருக்கட்டும். தப்பித் தவறிக் கண்ணுல பட்டுட்டான்னா, அடுத்த வீட்டுப் பையன்னு சொல்லிருங்க. என்னளா, வெளங்குச்சா? முழிக்காத."

கடைசி வார்த்தை அம்மாவுக்கு. அம்மா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எம் பிள்ளைய எப்படி மைனி..." என்று இழுத்தாள்.

"மூத்தவ கரையேறணுமா வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

அம்மா மறுபடி செதில் சுரண்டத் தொடங்கினாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து ஒரு சட்டி மூடியைச் சுற்றவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் காது உண்டு என்பது யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் அவனையும் என்னையும் அடுத்த வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ரேடியோ பாடுகிறவரை அவன் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டான். ஆனால் நடுப்பாட்டில் கரண்டு போய்விட்டது. ரேடியோ வாயை மூடியது, அண்ணன் எழுந்துவிட்டான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு பொத்தான் மட்டும் என் கையோடு வந்தது.

எங்கள் கூடத்தில் அக்கா காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டுகளில் பேக்கரி முந்திரி மக்ரூன் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் அம்மாவும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் நேரே நடுக்கூடத்தில் போய் நின்றுகொண்டு மோட்டு வளையைப் பார்த்தான்.

"இது யாரு?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

அத்தை வாயைத் திறந்தாள். அண்ணன் முந்திக்கொண்டான்.

"அடுத்த வீட்டுப் பையன்னு சொல்லிருங்க. என்னளா, வெளங்குச்சா? முழிக்காத."

அச்சு அசல் அத்தையின் குரல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தை மட்டும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்பா தன் கால் விரல்களைப் பார்த்தபடி இருந்தார்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்தாள். "எம் பையன்தான்," என்றாள். "காதுல விழுந்தத அப்படியே சொல்லுவான். பொய் சொல்லத் தெரியாது. காப்பி ஆறுது, குடிங்க."

விருந்தாளிகள் முன்னால் அம்மா அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. அக்காவின் கல்யாணம் போச்சு என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஏனோ சந்தோஷமாக இருந்தது.

அம்மா அவனை உள்ளே கூட்டிப்போனாள். மாப்பிள்ளையின் அம்மாவும் எழுந்து அடுக்களைக்கு வந்தார். நானும் ஒட்டிக்கொண்டேன். அம்மா அவனுக்கு வெறுஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா நிலைப்படியில் நின்று சிறிது நேரம் பார்த்தார்.

"முடி வெட்ட விடுவானா?" என்று கேட்டார்.

"எங்க விடுதான். அசந்து தூங்கும்போது நானே கத்தரிச்சு விடுவேன்."

"கோயில் மணி அடிச்சாக் காதப் பொத்துவானா?"

"பொத்திக்கிட்டுக் கத்துவான். பூசைக்குக் கூட்டிட்டுப் போறதே இல்ல."

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "அடிச்சுப் பாத்தீயளா?"

அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. "பாத்தேன்க்கா. அவனும் அழுதான், நானும் அழுதேன்."

"நானும்தான்," என்றார் அந்த அம்மா. கூடத்திலிருந்து அவருடைய கணவர் கூப்பிட்டார். போய்விட்டார்.

இத்தனை கேள்வி கேட்டவர் அக்காவுக்குச் சமைக்கத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம்.

பெண் கறுப்பு என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளையைவிட அக்கா சிவப்பு. அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினாள். அக்கா கொஞ்ச நாள் அண்ணனுக்கு முகம் கொடுக்கவில்லை. அண்ணன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் ஆத்திரம்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையின் அம்மா மறுபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். கூட ஆண்கள் யாரும் இல்லை. அக்கா வயதில் ஒரு பெண்ணை இறுக்கிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண் காதைப் பொத்தியிருந்தாள்.

நான் பின்கட்டுக்கு ஓடினேன். "ஏக்கா, மணப்பாட்டுக்காரவ வந்திருக்காவ. மனசு மாறிட்டாவ போல," என்றேன்.

அக்கா அவசர அவசரமாகச் சேலை மாற்றினாள். பவுடர் பூசினாள். காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு அம்மாக்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை. இருவருக்கும் அது வசதியாக இருந்தது போலும்.

"இங்கன வா மக்கா," என்று அந்த அம்மா அக்காவைக் கூப்பிட்டார். "உங்கிட்ட ஒரு கொறையும் இல்ல. இவள வீட்டுக்குள்ளயே வச்சு இத்தன வருசம் மறைச்சாச்சு. உன் தம்பி கதையும் சேந்தா ஊரு எங்க வீட்டையும் தோண்டும்னு இவுக அப்பா பயந்துட்டாவ. கறுப்புன்னு சொன்னதெல்லாம் சும்மா."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. ஒரு டம்ளர் காப்பியை நன்றாக ஆற்றி அந்தப் பெண்ணின் பக்கத்தில் வைத்தாள்.

ரேடியோ வீட்டுக்காரி வாசலில் தலையை நீட்டினாள். "யாரு இது, புதுசா இருக்கு?"

"எங்க சொந்தத்துல ஒரு..." என்று தொடங்கிய அந்த அம்மா பாதியில் நிறுத்தினார். என் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் கைமேல் கையை வைத்தாள்.

"எம் மவ," என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "நான் பெத்த மவ," என்றார்.

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். அம்மாவும் அழுதாள். பெற்ற மகளை மகள் என்று சொல்வதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் வந்த களைப்பாக இருக்கும் என்று நினைத்து, உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன்.